பட்டைத் தண்ணீரில் போட்ட காப்பு

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வருகிற தம்பிகளுக்கு,

போன வாரம் உங்களில் ஒருவர், ரயில்வே ஆபீசில் வேலை பார்க்கிறவர், என் பலகை மேல் கிடந்த காந்தத்தை எடுத்துச் சுழற்றிக்கொண்டே என் பக்கம் வந்தார். நான் "கீழே வை" என்று அதட்டிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. அதே பலகையில் மூடி வைத்திருக்கிற பட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தை இன்னொருவர் முகர்ந்து பார்த்து, "இன்னா ஆசாரியாரே, காப்பி கெட்டுப் போச்சா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தீர்கள். எனக்கு எதிரில் ஆள் நின்றால் பேச்சு தடுமாறும். அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுடைய எழுத்து. பிழை இருந்தால் உங்களில் இருக்கிற டிராயிங் மாஸ்டர் திருத்திக்கொள்ளட்டும்.

நீங்கள் ஆசைக்கு இரும்பு அடிக்கிறவர்கள். சோறு வேறு இடத்திலிருந்து வருகிறது. அதுதான் எனக்குக் கவலை. இரண்டு இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, வெண்காரம் தூவி, அடித்து ஒட்டியதும் உங்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் வருகிறது. பொருத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இன்னும் சந்தோஷம். எனக்கோ பொருத்து தெரியாவிட்டால்தான் சந்தேகம் வரும். சுத்தி அடி மேல்தோலை மூடிவிடும். உள்ளே இரண்டு இரும்புக்கும் நடுவில், சூட்டில் படிகிற கறுப்புச் செதில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் அது ஒட்டின இரும்பு இல்லை, பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிற இரும்பு. அவ்வளவுதான்.

ஒருமுறை ஆவாரம் பட்டை ஏற்றுகிற வண்டிக்கு ஒரு சங்கிலிக் கொக்கி செய்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. வண்டிக்காரர் வாங்க வந்தார். அவர் எதிரிலேயே கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினேன். சத்தம் தொண்டை கட்டின மாதிரி வந்தது. கல்லில் வைத்து ஒரே அடி, இரண்டாய்ப் போயிற்று. "புத்தி கெட்ட ஆசாரி, நல்ல சாமானை உடைச்சிட்டியே!" என்று கத்தினார். உடைந்த வாயைத் திருப்பிக் காட்டினேன். ஓரத்தில் வெள்ளை, நடுவில் செதிலின் கறுப்பு. அப்புறம் அவர் கத்தவில்லை. ஆனால் தெருவில் எனக்கு "உடைக்கிற ஆசாரி" என்று பேர் வைத்துவிட்டார். இருக்கட்டும்.

இப்போது காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் வருகிறேன்.

ஜெர்மன்காரனோடு சண்டை நடந்த காலம். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் ஒரு தோல் ஷாப்பில் எனக்கு வேலை. தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வோம். முன்கட்டில் என் உலை. அதை ஒட்டித் தோலில் சதை சீவுகிற கொட்டகை. அவர்களுடைய கத்திக்கு வாய் வைப்பதும் சாணை பிடிப்பதும் என் வேலை. பின்கட்டில், ஆவாரம் பட்டை ஊறின தண்ணீரில் தோலைப் போட்டு வைக்கிற பட்டைக் குழிகள். நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு வாசல், வாசலில் ஒரு காவல்காரர்.

இரும்பு எதுவும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. சாவி, பேனாக்கத்தி, அரைஞாண் கயிற்றில் கோத்த ஆணி, எல்லாவற்றையும் அங்கிருந்த மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே தோலை இழுக்கிற கொக்கி பித்தளை; கிண்டுகிற கோல் மரம். ஏனென்றால் பட்டைத் தண்ணீரும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டால் கரும்பச்சையாய் ஒரு கறை பிறக்கும். தோலில் அது விழுந்தால் கழுவினாலும் போகாது, தேய்த்தாலும் போகாது. பட்டாளத்துப் பூட்சுக்குக் கப்பலேற வேண்டிய தோல் உள்ளூர்ச் செருப்புக்குத்தான் ஆகும்.

அந்த வருஷத்து மழையில் ஏழுமலை என்கிற குழி ஆள் கால் வழுக்கி விழுந்தார். கல் விளிம்பு தலையில் அடித்து, பட்டைத் தண்ணீருக்குள் போய்விட்டார். பக்கத்துக் குழியிலிருந்த தாசன் பாய்ந்து அவரைத் தூக்கினான். பிழைக்கவில்லை. அந்தக் குழியை இறைத்துக் கழுவி மறுபடியும் நிரப்பினார்கள். ஆட்கள் மறுபடியும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார்கள். வேறு என்ன செய்வார்கள்?

சில வாரம் கழித்துக் கறை வந்தது. முதலில் ஒரு தோலில். பிறகு ஒரு குழியில் பாதித் தோலில். பிறகு வேறு குழிகளிலும். சாதாரணக் கறை இல்லை. ஓரங்களில், வளைந்து வளைந்து, நகம் பதித்த மாதிரி.

முனுசாமி என்று ஒரு குழி ஆள். வாய் ஓயாதவர். என் துருத்திப் பக்கம் குந்திக்கொண்டு சொன்னார்:

"ஏழுமலை கைதான் ஆசாரி. மேல வர்றதுக்குத் தோலைப் புடிக்கிறான். விரல் விரலா பதிஞ்சிருக்குது."

"நீ பாத்தியா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? பாத்தவன் சொன்னான்."

"பாத்தவன் யாரு?"

"அவனும் கேட்டுத்தான் சொன்னான்."

முதலாளிக்குப் பேய் மேல் சந்தேகம் இல்லை. ராணிப்பேட்டைப் பக்கத்தில் போட்டி ஷாப்புக்காரர் யாரோ ஆள் வைத்து இரும்பு போடச் சொல்கிறார் என்று அவருக்கு எண்ணம். அந்த ஆள் யார் என்று தேடுகிற வேலையை மேஸ்திரி எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்த இடத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நேராகப் பார்த்தது கிடையாது. காவல்காரர் மேல் சந்தேகம். பட்டை கொண்டுவருகிற வண்டிக்காரர் மேல் சந்தேகம். சாப்பாடு கொண்டுவருகிற பெண்களுடைய தூக்குச் சட்டியைத் திறந்து குழம்பில் கையை விட்டுப் பார்த்தார்கள். எனக்கோ எல்லார் மேலும் சந்தேகம். மேஸ்திரி முன்பெல்லாம் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுவார். இப்போது மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தான் போட்டிருந்தார். அதற்குக்கூட என்ன காரணமோ என்று யோசித்து, சொறி சிரங்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் எல்லாச் சந்தேகமும் தாசன் மேல் வந்து நின்றது. அவன் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன். அதிகம் பேசமாட்டான். மற்றவர்கள் குழியில் இறங்குமுன் தயங்கித் தயங்கி நிற்க, அவன் மட்டும் ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே இறங்குவான். அதுவே குற்றமாகிவிட்டது. செத்தவனைத் தூக்கினவன் அவன். அவனுக்கு மட்டும் எப்படிப் பயமில்லை? போதாததற்கு ரயிலடியில் ராணிப்பேட்டைத் தரகர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்ததை யாரோ பார்த்தார்கள். தாசனை வாசலுக்கு வெளியே, மரத்தடியில் நிறுத்தினார்கள். ஷாப்பு ஆட்களுக்குக் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்யும்படி அவன் மனைவியிடம் சொல்லியாயிற்று. முதலாளி வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகை முடித்து வந்ததும் அவனைப் போலீசில் ஒப்படைப்பதாகப் பேச்சு.

வியாழக்கிழமை காலை முதலாளியும் மேஸ்திரியும் என் பட்டறைக்கு வந்தார்கள். முதலாளி கறை விழுந்த தோல் துண்டு ஒன்றைக் கல் மேல் போட்டார்.

"ஆசாரி, ரொம்ப பேஜாராப் போச்சு. இது இன்னா இரும்பு? ஆணியா, கம்பியா? நீ இரும்பு தெரிஞ்ச ஆளு. நீ சொன்னா போலீஸ்காரங்க ஒத்துக்குவாங்க."

மேஸ்திரி இடையில் விழுந்தார். "ஆணிதான் மொதலாளி. இவர் பட்டறையில ஆணி இறைஞ்சு கிடக்குது. தாசன் கத்தி சாணை புடிக்கிற சாக்குல வந்து அள்ளியிருப்பான். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு ஆசாரி. வேலையைப் பாக்கலாம்."

தாசன் குழி ஆள். அவனுக்குக் கத்தியே கிடையாது. எதற்காக என்னிடம் சாணைக்கு வரப்போகிறான்? ஆனால் அதை அந்த இடத்தில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு "ஆமாம்" சொன்னால் அவன் ஜெயிலுக்குப் போவான். "இல்லை" என்று சொன்னால், "அப்போ எந்த இரும்பு, யார் போட்டது?" என்று என்னைக் கேட்பார்கள். தம்பிகளே, உலையில் இரும்பு காய்கிறபோது கூட இருக்கிறவர்கள் "அடி, அடி" என்பார்கள். அவர்களுக்கு அவசரம். இரும்புக்கு அவசரம் கிடையாது. நான் முதலாளியிடம், "பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"நாளைக்குத் தொழுகை முடிச்சு வர்றதுக்குள்ள சொல்லு" என்று போய்விட்டார்.

தோல் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆணி கிடந்தால் அதன் நீளத்துக்குக் கோடு விழும், இல்லாவிட்டால் முனை பட்ட இடத்தில் புள்ளி விழும். இதுவோ வளைவு. விரல் என்றார்கள். விரல் மூட்டுக்கு மூட்டு உடைந்து வளையுமே தவிர, இப்படி ஒரே சீராக வளையாது. நான் வாளிக்கு வளையம் அடிக்கிறவன், சக்கரத்துக்குப் பூண் போடுகிறவன். வளையத்தின் துண்டு எதுவென்று எனக்குத் தெரியும். கம்பியை வளைத்து வளைத்துக் கறைமேல் பொருத்திப் பார்த்தேன். வாளி வளையம் பெரிது, சாவி வளையம் சிறிது. பொருந்தின அளவில் கம்பியை முழுசாக வளைத்து முடித்தபோது அது என் மணிக்கட்டில் சரியாக உட்கார்ந்தது.

அன்றைக்கே இன்னொரு சேதி. தாசன் வெளியே நின்ற பிறகு குழியில் போட்ட புதுத் தோலிலும் கறை. "முன்னாடியே போட்டு வச்சிருப்பான்" என்றார் மேஸ்திரி. யாரும் மறுக்கவில்லை.

சாயங்காலம் முனுசாமி கோணிப்போன பித்தளைக் கொக்கியை நிமிர்த்த எடுத்துவந்தார். நான் அரம் போட்ட தூளில் இரும்புத் தூளையும் பித்தளைத் தூளையும் காந்தத்தால் பிரித்துக்கொண்டிருந்தேன். பித்தளைத் தூள் பற்றவைக்க ஆகும். இரும்பு கலந்தால் ஆகாது. முனுசாமி வழக்கம்போல் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு பேச ஆரம்பித்தார். காந்தம் என் விரலிலிருந்து நழுவி அவர் கையில் கிடந்த பித்தளைக் காப்பில் டிக்கென்று ஒட்டிக்கொண்டது.

இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"முனுசாமி, இது பித்தளைதானே?"

"பின்ன இன்னா தங்கமா?"

"பித்தளை காந்தத்துக்கு வராது."

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "உன் காந்தம் கெட்டுப் போச்சு. வேற வாங்கு."

"தாசன் பொண்டாட்டி சட்டி பானையைக் கட்டிக்கிட்டு இருக்குது. தெரியுமில்ல?"

அவர் வாய் மூடிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"குடியாத்தம் சந்தையில ஒருத்தன் விக்கிறான். உள்ள இரும்பு, மேல பித்தளை. வாசல்ல காவல்காரன் பாத்தா பித்தளை. ஏழுமலை பாத்தா இரும்பு. இரும்பு இருக்கிற கையை அவனால தொட முடியாதில்ல?"

"யார் யார் போட்டிருக்கீங்க?"

"முதல்ல நானும் இன்னொருத்தனும். அப்புறம் கறை வந்துச்சு. கறையைப் பாத்து எல்லாருக்கும் பயம் ஜாஸ்தியாப் போச்சு. எல்லாரும் வாங்கிட்டாங்க. தாசனைத் தவிர."

"அவன் ஏன் வாங்கல?"

"அவன் பயப்படல ஆசாரி. அதான் எங்களுக்குப் பயமா இருக்குது."

காப்பு கறையை உண்டாக்குகிறது. கறை பயத்தை உண்டாக்குகிறது. பயம் இன்னொரு காப்பு வாங்க வைக்கிறது. தோலை அணைத்து இழுக்கிறபோது ஒவ்வொரு மணிக்கட்டும் தன் முத்திரையைப் பதித்துக்கொண்டிருக்கிறது. கையில் ஒன்றுமே இல்லாத ஒருத்தன் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான்.

"எல்லாரும் கழட்டிடுங்க" என்றேன்.

"நீ நெருப்பாண்ட நிக்கிற. பேசுவ. நாங்க இடுப்பளவு தண்ணியில நிக்கிறோம். அடியில இன்னா இருக்குதுன்னு தெரியாது. தோல் காலைத் தொட்டாலும் கை மாதிரிதான் இருக்குது."

"சரி, வாசப்படியில இரும்புப் பட்டை அடிச்சுத் தர்றேன். அதைத் தாண்டி எதுவும் வராது."

முனுசாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவன் வெளியிலயா செத்தான்? உள்ள செத்தான். வாசல்ல இரும்பு அடிச்சா, அவனையும் எங்களையும் ஒண்ணா உள்ள வச்சுப் பூட்டின மாதிரி. நல்ல ஆசாரிய்யா நீ!"

அவர் சொன்னது சரி. பயத்தைக் கழற்றி வை என்று இன்னொருத்தனுக்குச் சொல்வது சுலபம். நானே இருட்டில் குடத்தைப் பார்த்தால் ஆள் என்று நினைக்கிறவன். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, "அந்தக் காப்பைக் கொடு, திருப்பித் தர்றேன்" என்று வாங்கிப் பார்த்தேன். மெல்லிய பித்தளைத் தகட்டை இரும்புக் கம்பி மேல் சுற்றி, உட்பக்கம் விளிம்போடு விளிம்பை நசுக்கிவிட்டிருந்தான். பற்றவைக்கவே இல்லை. வெளியே பளபள, கைத்தோலில் படுகிற பக்கம் வாய் திறந்து கிடந்தது. ஒரு கிண்ணத்தில் பட்டைத் தண்ணீர் எடுத்து அதைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பொருத்திலிருந்து புகை மாதிரி ஒரு கரும்பச்சை நூல் இறங்கியது. முனுசாமி பின்னால் நகர்ந்தார்.

"இதான் ஏழுமலை விரல்" என்றேன். "இரும்பை நான் எடுக்கச் சொல்லல. பொருத்தை ஒழுங்கா மூடித் தர்றேன். ஒழுகாத காப்பு. உங்களுக்கு இரும்பு, தோலுக்குப் பித்தளை. நாளைக்குக் காலையில குழியில இறங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் கொண்டாங்க."

வெள்ளிக்கிழமை காலை ஒவ்வொருவராக வந்தார்கள். வேட்டி மடிப்பிலிருந்து, துண்டுக்குள்ளிருந்து எடுத்துப் பலகையில் வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போனார்கள். நான் ஒவ்வொன்றையும் உட்புறம் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, வெண்காரமும் பித்தளைத் தூளும் வைத்துச் சூடு ஏற்றினேன். இங்கே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பித்தளைத் தூள் உருகி ஓடுகிற நொடியில் எடுத்துவிட வேண்டும். வெள்ளைப் புகை வருகிற வரை வைத்தால் உள்ளே எறும்புப் புற்றாகிவிடும், மறுபடியும் ஒழுகும். அந்தப் புகையை மூச்சிலும் வாங்காதீர்கள். ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். முடித்ததைக் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் கறுத்தால் மறுபடியும் உலைக்கு.

காப்பில்லாமல் குழியில் இறங்க யாருக்கும் மனசு இல்லை. முன்கட்டில் அங்கங்கே நின்றார்கள். பின்கட்டில் சத்தமே இல்லாததைக் கவனித்து மேஸ்திரி தேடிக்கொண்டு வந்தார். வந்தவர் கண்ணில் பட்டது என் பலகை: குவியலாகப் பித்தளைக் காப்பு, பக்கத்தில் கறுத்துப்போன தண்ணீர்க் கிண்ணங்கள்.

"ஆக, நீதானா!" என்றார். "உடைக்கிற ஆசாரின்னு பேர் வச்சாங்க. ஷாப்பையே உடைக்கப் பாக்கிறியே. இங்கேயே இருந்து விஷம் காய்ச்சுறான், பாருங்கடா!"

அந்த நேரத்துக்கு முதலாளி தொழுகை முடித்து உள்ளே வந்தார். கூட்டம் கூடிவிட்டது. குழி ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தாசன் விஷயத்தில் எப்படி நின்றார்களோ அப்படியே நின்றார்கள். குறட்டைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டேன். பேர் சொன்னால் அத்தனை பேருக்கும் வேலை போகும், லைன் வீடு போகும். சொல்லாவிட்டால் தாசனோடு நானும் போவேன்.

முதலாளி நிதானமாகக் கேட்டார். "இன்னா ஆசாரி இது?"

மூடாத காப்பு ஒன்றை எடுத்து அவர் எதிரில் சுத்தமான பட்டைத் தண்ணீரில் போட்டேன். மூடின காப்பு ஒன்றை இன்னொரு கிண்ணத்தில் போட்டேன். எல்லாரும் கிண்ணத்தைப் பார்த்தோம். ஒரு தண்ணீர் கறுத்தது. இன்னொன்று அப்படியே இருந்தது. நான் வளைத்து வைத்திருந்த கம்பியைத் தோல் துண்டின் கறைமேல் வைத்துக் காட்டினேன்.

"ஆணி இல்ல மொதலாளி. யாரும் எதையும் போடல. சந்தையில விக்கிற காப்பு. பொருத்து சரியில்ல. ஒழுகுது."

"யார் கையில இருந்தது?"

"அதைக் கேக்காதீங்க. கேட்டா நான் சொல்லணும். சொன்னா குழியில இறங்க ஆள் இருக்காது. தோல் பட்டையில ஊறிக்கிட்டு இருக்குது."

அவர் வியாபாரி. குழிகளின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி. கேக்கல. ஆனா தாசன் கையில இல்லன்னு நான் எப்படி நம்பறது?" என்றார்.

அதற்கு முனுசாமிதான் முன்னால் வந்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். காப்பு கிடந்த இடத்தில் மணிக்கட்டைச் சுற்றிக் கரும்பச்சையாய் ஒரு வளையம். பட்டைத் தண்ணீர் தோலுக்குச் செய்ததை அவர் தோலுக்கும் செய்திருந்தது.

"இது போகாது மொதலாளி. கழுவிப் பாத்துட்டேன். தாசனைக் கூப்பிட்டு அவன் கையைப் பாருங்க."

அவர் கை நீட்டியதும் அடுத்தவர் நீட்டினார். அதற்கடுத்தவர். வரிசையாக வளையம் விழுந்த கைகள். தாசனைக் கூட்டிவந்தார்கள். எதற்கென்று தெரியாமல் அவனும் நீட்டினான். அவன் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

முதலாளி வரிசையைப் பார்த்து முடித்து, கடைசியில் நின்ற மேஸ்திரியின் பொத்தான் போட்ட சட்டைக் கையில் வந்து நின்றார்.

"உன் கை?"

"நான் குழியில இறங்கறதில்லையே மொதலாளி."

"தோலைத் தடவிப் பாக்கிறது நீதானே? பொத்தானைக் கழட்டு."

பொத்தான் கழல நேரமாயிற்று. இரண்டு கையிலும் காப்பு, காப்புக்குக் கீழே கரும்பச்சை வளையம். முனுசாமிக்கு அடக்க முடியவில்லை. "எங்களுக்காவது ஒரு கைதான் மேஸ்திரி. உங்களுக்கு ஏழுமலை ரெண்டு பக்கமும் வர்றானா?" என்றார். முதலாளி கூடச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து என்னிடம், "பொருத்து போடு ஆசாரி. மேஸ்திரிக்கு முதல்ல போடு" என்றார். லைன் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சட்டி பானையை அவிழ்க்கச் சொன்னார்.

பிறகு தாசனைப் பார்த்து, "உனக்கு மட்டும் எப்படிடா பயமில்ல?" என்று கேட்டார். அதில் இன்னும் கொஞ்சம் சந்தேகம் மிச்சம் இருந்தது.

தாசன் சுற்றி நின்ற ஆட்களைப் பார்க்காமல் சொன்னான்: "தூக்கினப்போ ஏழுமலை அண்ணனுக்கு உசுரு இருந்துச்சு மொதலாளி. என் கழுத்துல கையைப் போட்டுக்கிட்டாரு. 'விட்டுடாதே'ன்னாரு. நான் விடல. அப்படியே போய்ட்டாரு. அவரு கையைப் பாத்து நான் எதுக்குப் பயப்படணும்?"

குழி ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்கட்டுக்குள் போனார்கள். வெறுங்கையோடுதான் போனார்கள். மீதிக் காப்புகளையும் மூடி, சோதித்து, சாயங்காலம் வரிசையாக வைத்தேன். பாதிப் பேர் வாங்க வரவில்லை. முனுசாமி வந்தார். கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் பலகையிலேயே வைத்துவிட்டுப் போனார். மேஸ்திரி எல்லாரும் போகிற வரை காத்திருந்து இரண்டையும் வாங்கிக்கொண்டார். பிறகு அந்த ஷாப்பில் கறை வரவில்லை.

தம்பிகளே, சந்தேகப்படுங்கள். அதை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். என்னால் இன்னும் விட முடியவில்லை. ஆனால் பொருத்தைச் சந்தேகப்படுங்கள், சூட்டைச் சந்தேகப்படுங்கள், பளபளப்பைச் சந்தேகப்படுங்கள். எல்லாரும் சேர்ந்து ஒருத்தனைக் காட்டுகிறபோது, காட்டுகிற கைகளில் என்ன கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். இப்போது கார்பைடு வாயு வைத்துப் பற்றவைக்கிறார்கள் என்று ஆசையாக ஓடுகிறீர்கள். அந்த நீல நெருப்பு போடுகிற பொருத்து இன்னும் அழகாக இருக்கும். அதனால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுங்கள். பித்தளை போர்த்தின எதையும் இந்தக் கிண்ணத்தில் போட்டுப் பார்க்காமல் என் பட்டறையிலிருந்து வெளியே கொண்டுபோகக் கூடாது. காப்பி இல்லை அது.

காந்தத்துக்காக அதட்டியதற்கு ரயில்வே தம்பி மன்னிக்க வேண்டும். முனுசாமி பலகையில் வைத்துவிட்டுப் போன காப்பை யாரும் கேட்கவில்லை. நான் நெருப்புப் பக்கத்தில்தான் நிற்கிறவன், தண்ணீரில் இறங்காதவன். ஆனாலும் அது அன்றையிலிருந்து என் வலது கையில்தான் இருக்கிறது. கிண்ணத்தில் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். ஒழுகவில்லை. காந்தத்தை மட்டும் அந்தப் பக்கம் கொண்டு வராதீர்கள்.